உப்பு குறைத்தவனுக்குக் கறிக்கடைச் சம்பந்தம்

1

பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் என் மகள் ஜெனி வந்து, தான் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனின் அப்பா கறிக்கடை வைத்திருக்கிறார் என்றாள்.

ஊரில் இருக்கும் நீங்கள் இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். ஆட்டைத் தோலுரித்துத் தொங்கவிட்டு, கேட்ட இடத்தில் வெட்டித் தருகிற கடைதான் உங்கள் கண்ணுக்கு வரும். தெற்கு ஜெர்மனியில் நான் குடியிருக்கும் பக்கத்தில் கறிக்கடை என்பது முக்கால்வாசி உப்புக்கடை. பன்றித் தொடையை வாரக்கணக்கில் உப்பில் கிடத்தி, மரத்தூளை எரித்துப் புகை காட்டி, பிறகு மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைத்து எடுக்கிறார்கள். அதற்கு ஷிங்கன் என்று பெயர். கறியை அரைத்து, உப்பும் மிளகும் சேர்த்துக் குடலில் அடைத்தால் அது வுர்ஸ்ட். காலையில் ரொட்டியோடு அது, சாயங்காலம் ரொட்டியோடு இது. நம்ம ஊர் உப்புக்கண்டத்துக்கு யாரோ கண்ணாடி பங்களா கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும் ஒவ்வொரு கடையும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. விருதுநகர்க்காரன். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் பட்டாசு லேபிள் ஆர்டர் பிடித்துக்கொண்டு, கம்பெனி கம்பெனியாகப் பேசித் திரிந்தவன். படிப்பு அதிகம் கிடையாது, வாய் உண்டு. என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, நான் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அப்போது ஜெனி நாலாம் வகுப்பு. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு என் பொறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு விருந்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

2

டாக்டர் ஜெர்மனில் பக்கம் பக்கமாக விளக்கியதை ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் தமிழாக்கினாள்.

"உடம்புக்குள்ள சரவெடி கெடக்கு. நீங்க பக்கத்துல உக்காந்து தீக்குச்சி உரசிக்கிட்டு இருக்கீக. அம்புட்டுத்தான்."

உப்பு ஜாடி அன்றைக்கே அவள் கைக்குப் போனது. ஊறுகாய் பாட்டில்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயின. அவர் அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு இரண்டு நாள் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போனார்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சாப்பாட்டு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். சின்ன வயசுப் பெண், நல்ல பொறுமை. நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்ம சாப்பாடு ஒன்றும் தெரியவில்லை. அப்பளத்தைச் சிப்ஸ் என்று போட்டாள். கருவாட்டை எப்படி விளக்கினேனோ, வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். மோர்மிளகாயைத் தயிரில் ஊறிய காய்கறி என்று சொன்னேன், அது உண்மைதானே. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து மகிழ்ந்து பச்சை விளக்குக் காட்டியது. தினமும் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணுக்காக ஜெபம் பண்ணிக்கொள்வதாகச் சொன்னாள்.

எனக்குப் பழக்கதோஷம். விருதுநகரில் எங்கள் வீட்டில் பண்டிகைக்கு ஆடு வெட்டினால் மிச்சக் கறி உப்பும் மஞ்சளும் தடவி நூலில் கோத்து மொட்டைமாடியில் காயும். காக்கா விரட்டுவது என் அண்ணன் தங்கராஜின் வேலை. அவன் ஒவ்வொரு காக்காவுக்கும் ஓர் ஓலைவெடியைக் கொளுத்திப் போடுவான். அதனால் எங்கள் வீட்டு உப்புக்கண்டத்தில் மட்டும் லேசாகப் பட்டாசு வாடை வரும். அது இல்லாத உப்புக்கண்டத்தை யாராவது கொடுத்தால் சரியாகக் காயவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

அந்த நாக்கை வைத்துக்கொண்டு உப்பில்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது. வெளியூர்ச் சம்பந்தம் வேறு வாசலில் நிற்கிறது. அந்த வீட்டில் நாலு நாள் தங்க நேர்ந்தால் ஷிங்கனுக்குத் தப்பிக்க முடியாது. எனவே ஆராய்ச்சியில் இறங்கினேன். ஷிங்கனில் வேகவைத்தது ஒரு வகை, புகைபோட்டுக் காயவைத்தது ஒரு வகை. வேகவைத்ததில் உப்பு விருந்தாளி மாதிரி வந்து போகும். காயவைத்ததில் உப்பு குடியேறி, ரேஷன் கார்டும் வாங்கியிருக்கும். உப்புக்கண்டத்துக்குச் செய்கிற வைத்தியத்தையே அதற்கும் செய்தேன். வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறப்போட்டு மறுபடி கொட்டி, பிறகு லேசாகத் தட்டி, நல்லெண்ணெயில் சீரகமும் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்தேன். உப்பு இல்லாத இடத்தைப் புளிப்பும் காரமும் சேர்ந்து ஓரளவு அடைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஸ்டெல்லா ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி, "இன்னும் இருக்கு" என்பாள். சட்டி திரும்பவும் தண்ணீருக்குப் போகும். கடைசியில் உப்பும் போய், புகையும் போய், நிறமும் போய், அடுப்படித் துணியை வதக்கியது போல ஒன்று தட்டில் கிடந்தது. ஷிங்கன் என்ற பெயர் மட்டும் மிச்சம். ஸ்டெல்லா அதைப் பார்த்து, இதை மாதம் ஒருமுறை சாப்பிடலாம் என்று அனுமதி கொடுத்தாள். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

3

நம்ம பக்கம் ஒரு சம்பந்தம் வந்தால், அந்த வீட்டு வாசலை மிதிக்கும் முன் நாலு இடத்தில் விசாரிப்போம். டீக்கடையில் ஒரு பேச்சு, சலூனில் ஒரு பேச்சு, அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு பேச்சு. குடும்பத்தின் ஜாதகம் கைக்கு வந்துவிடும். இங்கே அந்தப் பையன் யோனாஸின் ஊருக்குப் பேருந்து ஏறிப் போய், ஒரு சலூனில் முடி வெட்ட உட்கார்ந்து, கறிக்கடைக் குடும்பம் எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். முடி வெட்டுகிறவர் கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அடுத்தவரைப் பற்றிப் பேச முடியாது என்றார். சலூனில் சட்டம் பேசுகிற நாட்டில் ஒருவன் எப்படிச் சம்பந்தம் பண்ணுவான் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேறு வழியில்லாமல் நேரே கடைக்கே போனேன், வாடிக்கையாளர் மாதிரி. யோனாஸை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சாதுவான பையன். அவன் அப்பா ஹெல்முட்டை அன்றுதான் பார்த்தேன். பெரிய உருவம், சிவந்த முகம், வெள்ளை ஏப்ரன். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் தொடை தொடையாகத் தொங்கியது. இருப்பதில் உப்பு குறைவானது எது என்று கேட்டேன். எல்லாவற்றிலும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருக்கிறது என்றார். சரி, இந்தக் காயவைத்ததில் என்னென்ன சேர்ப்பீர்கள் என்று பேச்சை வளர்த்தேன். உப்பு, மிளகு, பூண்டு என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், கறி சிவப்பாக நிற்கக் கொஞ்சம் சால்பேட்டர் என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. சால்பேட்டர் என்றால் வெடியுப்பு. சிவகாசியில் லோடு லோடாக வந்து இறங்கும் அதே வெடியுப்பு. கந்தகத்தோடும் கரியோடும் சேர்த்தால் பட்டாசு மருந்து. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை தூரத்தில், ஒரு பன்றித் தொடைக்குள் என் ஊர்ச் சரக்கு. வாய் சும்மா இருக்குமா. எங்கள் ஊரில் இதை வைத்துத்தான் பட்டாசு செய்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். பட்டாசுக்கு உள்ள ஜெர்மன் வார்த்தை அந்த நேரம் பார்த்து நாக்கில் ஏறவில்லை. ஏறியது குண்டுக்கு உள்ள வார்த்தை.

"எங்கள் ஊரில் எல்லோரும் இந்த உப்பை வைத்துக் குண்டு செய்வோம்" என்றேன். ஹெல்முட்டின் விரல் மடங்கியபடியே நின்றது. விளக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து, "பெண்களும் செய்வார்கள், வீட்டுக்கு வீடு வேலை" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தன் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். நான் இன்னும் பதறிப்போய், பயப்பட வேண்டாம் என்கிற அர்த்தத்தில், "சின்னக் குண்டுதான். குழந்தைகளுக்கு" என்றேன்.

ஹெல்முட் என்னையே பார்த்துக்கொண்டு, கத்தியைக் கீழே வைக்காமல், ஒரு துண்டு ஷிங்கனை நறுக்கித் தாளில் சுற்றி நீட்டினார். காசு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போனால் போதும் என்று அதற்கு அர்த்தம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்து விசாரணையின் முடிவை யோசித்தேன். மனுஷன் கைநீட்டிக் கொடுக்கிறார், எளிதில் கோபப்படுவதில்லை. மோசமில்லை. கடைக்குப் போன விஷயத்தை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

4

கல்யாணத்துக்கு இங்கே தாள்கள் வேண்டும். ஜெனியின் பாஸ்போர்ட் இன்னும் இந்தியாதான். அதனால் அவளுக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று ஊரிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். அண்ணன் தங்கராஜ் இப்போது விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறான். கடையைப் பூட்டிவிட்டுச் சூலக்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். நாலாம் வகுப்பில் ஊரைவிட்டுப் போன பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நான் எழுதித் தரலாம், அந்த நாலாம் வகுப்பு வரைக்கும்தான் தர முடியும் என்றாராம். அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்த ஊர்க்காரர்கள்தானே சாட்சி என்றும் கேட்டாராம். அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

அந்த எரிச்சலோடுதான் அண்ணன் போனில் பேசினான். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் அவன் குரல் மாறியது.

"ஏலே, போ. பேசு, சிரி, காப்பித்தண்ணி குடி. கை மட்டும் நனைச்சிறாத. நான் இன்னும் யோசிச்சு முடிக்கலை."

உங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். இலையில் கை வைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். முடிவு சொல்லாதவன் கை நனைக்க மாட்டான். கை நனைத்தவன் பிறகு மாற்றிப் பேச மாட்டான்.

நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. பையனைப் பிடிக்கவில்லை என்பதில்லை. நிறமோ மதமோ எனக்குப் பெரிதில்லை. என் பயம் வேறு. சம்பந்தி என்றால் கிண்டல் பண்ண வேண்டும். உங்க வீட்டுக் கல்யாணத்துல ரசம் தண்ணி என்று நான் சொல்ல, உங்க வீட்டுப் பந்தல்ல காத்து வரலை என்று அவர் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஜெர்மன், ரொட்டி வாங்கவும் பேருந்து ஏறவும் போதும். கிண்டலுக்குப் போதாது. ஜெனி இப்போதே யோசிப்பது ஜெர்மனில். தமிழ் என்னிடம் பேசுவதற்கு மட்டும் எடுத்து வைத்திருக்கும் நல்ல சேலை மாதிரி. அவளும் அந்த வீட்டுக்குப் போய்விட்டால் எனக்குப் பேச ஸ்டெல்லாவும் ரேடியோவும்தான். ஸ்டெல்லாவுக்கு ஷிப்ட் உண்டு.

"அப்பா, சம்மதமா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க" என்று ஜெனி கேட்கும்போதெல்லாம் "பாப்போம்" என்றேன். அவள் அதை யோனாஸிடம் அப்படியே மொழிபெயர்த்திருக்கிறாள். அப்பா பார்க்க வேண்டுமாம். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று பரணிலிருந்து நிலவறை வரை சுத்தம் பண்ணிவிட்டார்கள்.

நான் சாப்பிடாமல் தப்பிக்க என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. உப்பு. டாக்டரே சொல்லியிருக்கிறார், கறிக்கடைக்காரர் வீட்டில் எதைத் தொட முடியும். அண்ணனுக்கும் சரி, இவர்களுக்கும் மரியாதைக் குறைவில்லை. ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னபோது அவள் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள்.

"பிரஷர் உங்களுக்கு வந்திருக்கா, இல்ல நீங்க அதக் கூட்டிட்டுப் போறீகளா" என்று மட்டும் கேட்டாள்.

5

ஞாயிற்றுக்கிழமை வாசல் மணியை அடித்தோம். கதவைத் திறந்தது ஹெல்முட். கோட்டு சூட்டு. சிரித்த முகத்தோடு திறந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். அவர் பின்னால் திரும்பித் தன் மனைவி கிறிஸ்டாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அதில் குண்டு என்ற வார்த்தை எனக்கு நன்றாகக் கேட்டது. ஜெனி என் முகத்தைப் பார்த்தாள், நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

உள்ளே கூடத்தின் நடுவில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி, துணியின்மேல் பீங்கான் தொட்டி, அதில் தண்ணீர், பக்கத்தில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. ஹெல்முட், கிறிஸ்டா, யோனாஸ் மூவரும் அதைச் சுற்றி நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். கிறிஸ்டா தொட்டியைக் காட்டி, தயவுசெய்து என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். விமான நிலையத்தில் கையைத் துணியால் துடைத்து, வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்ப்பார்களே, அது. கடையில் நான் பேசிய பேச்சுக்கு இது கூட இல்லாவிட்டால் எப்படி. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, நகக்கண், விரலிடுக்கு எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கூட அப்படிக் கழுவ மாட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் கிறிஸ்டா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். யோனாஸ் கை தட்டுகிறான். ஹெல்முட் என் ஈரக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இனி ஒரே குடும்பம்" என்றார்.

ஜெனி என் காதுப் பக்கம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, நான்தான் சொன்னேன். எங்க அப்பா உங்க வீட்டுல கை நனைச்சாத்தான் சம்மதம்னு. அத அவுங்க அப்படியே..."

அவள் தொட்டியைக் காட்டினாள். ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. ஜெபம் பண்ணுகிறாள் என்று கிறிஸ்டா நினைத்திருக்க வேண்டும், தானும் கைகூப்பிக்கொண்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அவர்கள் கணக்கில் நான் சம்மதம் சொல்லியாயிற்று. என் கணக்கில் வெறும் தண்ணீரில் கை கழுவியிருக்கிறேன். இது இரண்டும் தெரிந்து, சிரிக்காமல் நின்றவள் அந்த வீட்டில் ஜெனி ஒருத்திதான். தப்பைத் திருத்தவும் முடியாமல், அப்படியே விடவும் முடியாமல் அவள் என் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

6

மேசையில் கறி இரண்டு தட்டில் இருந்தது. ஒன்று மரப்பலகை, அதில் கடையில் நான் பார்த்த அந்தச் சிவந்த ஷிங்கன், தாள் மாதிரி சீவி அடுக்கியது. இன்னொன்று என் முன்னால். அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கறி. ஹெல்முட் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேசினார். ஜெனி மொழிபெயர்த்தாள். என் உடம்பைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். அதற்காக அவர் உப்பும் போடாமல் சால்பேட்டரும் போடாமல், வெறும் புகை காட்டி வேகவைத்து, எனக்கென்று தனியாக ஒரு தொடை செய்திருக்கிறார். சிவப்பு ஏறாததற்கு மன்னிக்க வேண்டும், தன் வாழ்நாளில் இப்படி ஒன்றைத் தன் கடையிலிருந்து வெளியே அனுப்பியதில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார், யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணன். எடுக்காவிட்டால் எடுக்கும் வரை அடிப்பான். எடுத்தேன், கை ஈரத்தில் வழுக்கி எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"என்னலே, கை நனைச்சிட்டியா?"

"தண்ணில நனைச்சேன்ணே" என்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"தண்ணில நனைச்சா கணக்கில்ல. தட்டுல என்ன வச்சிருக்காக?"

"கறி. எனக்காக உப்பில்லாமச் செஞ்சிருக்காக."

வத்தல் கடையில் எடை சொல்கிற அதே குரலில் அண்ணன் தீர்ப்புச் சொன்னான்.

"உப்பில்லையா? அப்பத் தின்னாலும் கணக்கில்ல. தாராளமாத் தின்னு. நாளைக்கு ஒருத்தனும் கேக்க முடியாது."

இப்படி ஒரு சட்டம் எந்த ஊரிலும் கிடையாது. அவன் அந்த நிமிஷத்தில் போட்ட சட்டம் அது. ஆனால் எனக்கு அது எவ்வளவு வசதி என்று பாருங்கள். டாக்டருக்குத் தப்பில்லை, அண்ணனுக்குத் தப்பில்லை, இவர்கள் மனமும் நோகாது. நான் சாப்பிட்டதாகவும் இருக்கும், சம்மதிக்காததாகவும் இருக்கும்.

ஜெனி முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"பெரியப்பா, அப்போ எப்பத்தான் கணக்கு?"

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அண்ணன் நினைக்கவில்லை. பிறகு அவள் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சரிப்பா. உப்பில்லாததையே சாப்பிடுங்க. டாக்டர் சொன்னதுதானே."

ஹெல்முட் என்ன விஷயம் என்று கேட்டார். ஜெனி மொழிபெயர்க்கவில்லை. வந்ததிலிருந்து ஒவ்வொரு வார்த்தையையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுமந்துகொண்டிருந்தவள், முதல்முறையாகச் சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சாம்பல் கறியை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். நான் வீட்டில் ஊறவைத்து ஊறவைத்து உருப்படாமல் ஆக்கிய ஷிங்கன் எவ்வளவோ தேவலை. மென்று விழுங்க முடியவில்லை. ஹெல்முட் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். தொழில் தெரிந்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாதா. தெரிந்துகொண்டே செய்திருக்கிறார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஜெர்மனையும் திரட்டி அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்கள் வீட்டுக் கறி அடுப்படித் துணி மாதிரி இருக்கிறது."

ஜெனி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஹெல்முட் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு மேசை அதிரச் சிரித்தார்.

"இதோடு ஒப்பிட்டால் துணிகூட வேண்டாம் என்று ஓடிவிடும்" என்றார். "குண்டு செய்கிறவருக்கு இதைவிட நல்லதாக நான் எப்படிச் செய்வேன்?"

அப்போதுதான் கை தானாக நீண்டது. பலகையில் இருந்த சிவந்த ஷிங்கனைக் காட்டி, அதில் ஒன்று வேண்டும் என்றேன். ஹெல்முட்டின் சிரிப்பு நின்றது. அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். கிறிஸ்டா ஸ்டெல்லாவைப் பார்த்தார். யோனாஸும் ஜெனியும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். உப்பு ஜாடி யார் கையில் இருக்கிறது என்று அந்த வீடு முழுக்கத் தெரிந்திருந்தது.

ஸ்டெல்லா அவசரப்படவில்லை. பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு துண்டாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, கொழுப்பு குறைவான ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"மெதுவா மென்னு தின்னுங்க. சாயங்காலம் பிரஷர் பாக்கணும்" என்றாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள். "அத்தான், இதுல உப்பு இருக்கு. ஊருக்கே போதும், அம்புட்டு இருக்கு."

கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். எத்தனையோ நாள் கழித்து நாக்கில் உப்புப் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குக் காரணம் உப்புதான் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லி வைக்கிறேன்.

போனில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"முழுங்கிட்டானா?"

"முழுங்கிட்டாக, அத்தான்."

"சரி. ஏ ஜெனி, மாப்ளைகிட்டப் போனக் குடு."

இதுவரை அவன் வாயில் அந்தப் பையன், அந்த வெள்ளைக்காரப் பையன் என்றுதான் வந்திருக்கிறது. ஜெனி போனை எடுத்து யோனாஸிடம் நீட்டினாள். மாப்ளை என்பதை அவள் மொழிபெயர்க்கவே இல்லை, அவனும் அர்த்தம் கேட்கவில்லை. போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஒரே தமிழை, "வாங்க, வாங்க" என்று, விருதுநகரில் இருக்கும் என் அண்ணனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினேன். ஸ்டெல்லா பலகையைத் தூக்கி ஹெல்முட்டிடம் கொடுத்துவிட்டாள்.